ஓடாத வண்டிக்கு ஆயில்

கல்ஃபானின் உம்மா ஓட்டி வரும் பிக்கப் என் கடையின் ஆயில் குழிமேல் ஏறி நிற்கும் நாளில் நான் வேறு வண்டியைத் தொடுவதில்லை. கிழவிமேல் உள்ள மரியாதை என்று யாரும் நினைக்க வேண்டாம். அவள் விடமாட்டாள், அவ்வளவுதான். வண்டியைக் குழிக்கு நேராகக் கச்சிதமாக நிறுத்துவாள். சாவியை உருவி முக்காட்டுக்குள் எங்கோ செருகிக்கொள்வாள். கடை வாசலில் அடுக்கியிருக்கும் பழைய டயர்கள்மேல் உட்கார்ந்து கஹ்வா காப்பி ஃபிளாஸ்க்கைத் திறப்பாள். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் ஹாரன் அடித்துச் செத்தாலும் அவள் காதில் விழாது.

"அவசரம்னா அவனவன் உம்மாகிட்டப் போயி ஆயில் மாத்திக்கச் சொல்லு" என்பாள், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

எங்கள் பாலைவன ஊரான இப்ரியின் தொழிற்பேட்டையில் ஆயில் மாற்றும் கடை வைத்திருக்கும் உள்ளூர் அரபிகள் எல்லோரும் கூலிக்கு ஆள் போட்டுத்தான் நடத்துகிறார்கள். நான் ஒருவன்தான் நானே குழியில் இறங்குகிறேன். "ஸுலைம் கல்யாண வீட்டுக்கு வந்தா அத்தர் பூசிக்கிட்டு வந்தானா, ஆயில் பூசிக்கிட்டு வந்தானான்னே தெரியாது" என்று என் மச்சான்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் வண்டி வழியில் நின்றால் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள்.

கிழவிக்கு ஷம்ஸா என்று பெயர். அப்படிக் கூப்பிட இப்போது யாரும் மிச்சமில்லை. துரூ என்ற எங்கள் நாடோடிக் கூட்டத்தில் கூடாரத்தில் பிறந்த கடைசிப் பெண்களில் ஒருத்தி. புருஷன் சீக்கிரமே போய்விட்டான். தண்ணீர் லாரியை அவளே ஓட்டினாள். தார்ச்சாலை வருவதற்கு முன்னால், மணலுக்குள் கிடந்த கூடாரங்களுக்கெல்லாம் அவள் லாரிதான் தண்ணீர். முகத்தில் பழைய மாதிரி துணி முகமூடி, அதன் நீலச்சாயம் நெற்றியில் ஊறிப்போய் இன்றும் நிற்கிறது. ஒருமுறை தனம் ஊருக்குப் போகிற வழியில் ஒரு புதுப் போலீஸ்காரன் நிறுத்தி லைசென்ஸ் கேட்டானாம். இவள் கண்ணாடியை இறக்கி, "நீ யாரு மவன்?" என்றாளாம். அவன் அப்பா பெயரைச் சொன்னான். "அவன் பொறந்தப்போ அவன மொதல்ல குளிப்பாட்டுன தண்ணி என் லாரியில வந்த தண்ணிடா. வழிய விடு" என்றாளாம். விட்டுவிட்டான். இதை அந்தப் போலீஸ்காரனே என் கடையில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறான்.

அவளுடைய ஒரே மகன் கல்ஃபான். என்னைவிடச் சின்னவன். ஒட்டகப் பைத்தியம். ஒரு திங்கட்கிழமை அவனுடைய ஒட்டகம் ஒன்று உப்பு நக்கிக்கொண்டே மேற்கே போய்விட்டது. கல்ஃபான் தன் கூட்டாளி ஹுமைதின் வண்டியில் தேடப் போனான். மேற்கே இருப்பது உம்முஸ்ஸமீம், விஷத்தின் உம்மா என்று அர்த்தம். நாங்கள் அதை வெறுமனே உப்பு என்போம். மேலே அப்பளம் மாதிரி காய்ந்த வெள்ளைத் தோல், கீழே அடி தெரியாத சேறு. சில இடத்தில் லாரியே நிற்கும், சில இடத்தில் ஆட்டுக்குட்டி நிற்காது. எது எது என்று பார்த்தால் தெரியாது.

உப்பில் ஆள் இறங்கினால், ஓரத்தில் நிற்கும் வண்டியின் இஞ்சினை அணைக்கக் கூடாது. எங்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. காற்று கிளம்பி உப்புப்பொடி பறந்தால் மேலும் கீழும் நாலு பக்கமும் ஒரே வெள்ளையாகிவிடும். சூரியன் எங்கே என்று தெரியாது, தன் கையே தெரியாது. அப்போது இஞ்சின் சத்தம்தான் கரை. சத்தத்தைப் பார்த்து நடந்தால் வந்த தடத்திலேயே திரும்பி வந்துவிடலாம். கல்ஃபான் ஒட்டகத்தைப் பிடிக்க உள்ளே நடந்தான். ஹுமைத், வண்டி சூடாகிறதே, கொஞ்ச நேரம்தானே என்று அணைத்துவிட்டான். காற்று கிளம்பியது. அவன் பதறிப்போய் மறுபடி சாவியைத் திருப்பினான். வண்டி இருமியது, இருமியது, பிடிக்கவேயில்லை. ஒட்டகம் தானாகவே திரும்பி வந்தது. கல்ஃபான் வரவில்லை.

ஹெலிகாப்டர் வந்தது. காலடித் தடம் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுகிற எங்கள் கிழவர்கள் எல்லோரும் போனார்கள். ஒரு நூல்கூடக் கிடைக்கவில்லை. ஷம்ஸா மட்டும் போகவில்லை. "என் மவன் அங்க இல்ல. எங்கயோ போயிருக்கான், வருவான்" என்றாள். யாராவது அந்த இடத்தின் பெயரை எடுத்தால் எழுந்து போய்விடுவாள். ஒருமுறை மட்டும் என்னிடம் சொன்னாள்: "அதுக்குப் போயி உம்மான்னு பேரு வச்சானுங்களே, வெக்கங்கெட்டவனுங்க."

கல்ஃபானின் சொந்தப் பிக்கப் அன்றைக்கு வீட்டில் நின்றது. அதன்பிறகும் நின்றது. பேரீச்சந்தோட்டத்துக் கொட்டகையில், மேலே பாய் போட்டு மூடி. திங்கட்கிழமை தோறும் கிழவி போய்ப் பாயை விலக்கி, ஸ்டார்ட் செய்து, கொஞ்ச நேரம் உறும விட்டு அணைப்பாள். பேட்டரி சாகாமல் இருக்க என்று நாங்கள் நினைத்தோம். வருஷம் ஒருமுறை, பேரீச்சை வெட்டு முடிந்ததும், என் குழிக்கு ஓட்டி வருவாள். தடம் மாறாமல் வருவாள், திரும்பிப் போவாள். அந்த வண்டிக்கு வேறு ஓட்டமே கிடையாது.

"ஓடாத வண்டிக்கு எதுக்கும்மா ஆயிலு?" என்று முதல் வருஷம் கேட்டுவிட்டேன்.

"உனக்கு எதுக்குடா அது? அவன் வந்து சாவியத் திருப்பும்போது வண்டி இருமக் கூடாது" என்றாள்.

எனக்கு அந்த வண்டியைத் திறக்கவே பிடிக்காது. உண்மையைச் சொல்கிறேன், பயம். குழியில் நின்று நட்டைக் கழற்றினால் இஞ்சினடிச் சேம்பரிலிருந்து ஆயில் தேன் மாதிரி இறங்கும். வருஷம் முழுக்க நின்ற ஆயில், ஊற்றிய நிறம் மாறாமல். சீட்டில் கல்ஃபானின் அத்தர் வாசம். கண்ணாடிக்குப் பக்கத்தில் அவன் சொருகிவைத்த, பல் தேய்க்கும் மிஸ்வாக் குச்சி. அந்தக் குச்சியை யாரும் எடுக்கவில்லை. புது ஆயில் ஊற்றி முடித்ததும் ஸ்டார்ட் செய்து கசிவு பார்க்க வேண்டும். அப்போது சாவியை அவளேதான் திருப்புவாள். என்னைத் திருப்ப விட்டதே இல்லை.

அந்த வீட்டில் இன்னொருத்தி உண்டு. கல்ஃபானின் பெண்டாட்டி ரய்யா. பஹ்லா ஊர்க்காரி, கூடாரத்துக் கூட்டம் இல்லை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஒழுங்காக வாழவில்லை. பிள்ளை இல்லை. காணாமல் போனவனுக்கு நாலு வருஷம் காத்திருந்தால் மார்க்க நீதிபதியான காழி அவன் இறந்துவிட்டதாகத் தீர்ப்பு சொல்வார். அப்புறம் இத்தா. பெண்டாட்டி நாலு மாதத்துக்கு மேல் வாசல் தாண்டாமல் இருக்க வேண்டும். அது முடிந்தால் அவள் சுதந்திரம். ரய்யாவின் அண்ணன்மார்கள் நாலு வருஷத்தையும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். அவள் எண்ணினாளா என்று யாருக்கும் தெரியாது, வாயே திறக்க மாட்டாள். மாமியாரும் மருமகளும் ஒரே தட்டில் சாப்பிட்டு ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை என்று ஊரில் பேச்சு. "எப்படா போகலாம்னு இருக்கா அவ" என்று என் மனைவி சொல்வாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த நாலாவது வருஷம் கிழவி பேரீச்சை பழுப்பதற்கு முன்னாலேயே வந்து நின்றாள்.

"என்னம்மா, இப்பவேவா? இன்னும் காயே மஞ்சளாகலயே."

"வெயிலு அதிகம். மாத்துறியா, வேற கடைக்குப் போகவா?"

"போயேன், யாரு வேண்டாம்னா" என்று முனகிக்கொண்டே குழியில் இறங்கினேன். நட்டைத் திருகி, கடைசிச் சுற்றைக் கையால் திருப்பி விட்டேன். கையில் சுடச்சுட விழுந்தது கறுப்பு.

தேனில்லை. நாள் முழுக்க ஓடுகிற டாக்ஸிக்கு வருமே, அந்தக் கறுப்பு. எரிந்த வாடை வேறு. ஃபில்டரைக் கழற்றினேன், கனத்தது. அண்ணாந்து வண்டியின் அடியை விளக்கடித்துப் பார்த்தேன். மட்கார்டின் உள்பக்கம், ஆக்ஸில், எல்லா இடத்திலும் சாம்பலும் வெள்ளையுமாகக் கட்டி கட்டியாக ஒட்டியிருந்தது. ஒரு துண்டைப் பெயர்த்து நாக்கில் வைத்தேன். உப்பு. எங்கள் பக்கத்தில் அந்தச் சேறு ஒரே இடத்தில்தான் உண்டு.

கிலோமீட்டர் ஒயர் எப்போதோ அறுந்த வண்டி, மீட்டரைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. ஆனால் ஆயில் பொய் சொல்லாது. வண்டி ஓடியிருக்கிறது. உப்புக்கு ஓடியிருக்கிறது. ஒரு தடவை இரண்டு தடவை இல்லை. யார்?

மேலே டயரில் உட்கார்ந்திருப்பவளிடம் இதைச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். அடுத்த நிமிஷம் எழுந்து காழியிடம் ஓடுவாள். "என் மவன் வந்து வண்டி ஓட்டுறான், இதோ ஆயிலு" என்பாள். தீர்ப்பு தள்ளிப்போகும். ரய்யா இன்னும் எத்தனை வருஷம் அந்த வீட்டில் கிடப்பாள்? ஆயிலைச் சட்டியோடு தூக்கிக் கழிவு டிரம்மில் கவிழ்த்தேன். ஃபில்டரைச் சாக்கில் சுற்றிப் போட்டேன்.

"எப்படிடா இருக்கு ஆயிலு?" என்று மேலேயிருந்து குரல் வந்தது. எந்த வருஷமும் அவள் இதைக் கேட்டதில்லை.

"தேன் மாதிரி இருக்கும்மா. எப்பவும் போல."

அவள் குனிந்து குழிக்குள் என் முகத்தையே பார்த்தாள். முகமூடிக்குள் கண் மட்டும்தான் தெரியும். நான் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"அப்படியா?" என்றாள். "நல்லது."

அதே வாரம் எண்ணெய்க் கிணற்றுப் பக்கம் டேங்கர் ஓட்டுகிற ஒருவன் கடைக்கு வந்தான். டீ வாங்கிக் குடிக்கவேயில்லை, கையில் வைத்துக்கொண்டே சொன்னான்.

"ஸுலைம், ஒன்னு சொல்லுவேன், சிரிக்கக் கூடாது. உப்புக்குப் போற வழியில கல்ஃபான் வண்டியப் பார்த்தேன்."

"வெயில்ல மூளை கொழம்பிப் போச்சா?"

"வல்லாஹி, சத்தியமா! அவன் தலைத்துணி, அதே சிவப்புக் கரை. நான் ஹாரன் அடிச்சேன். கண்ணாடிக்கு வெளிய கைய நீட்டி ரெண்டு விரலைத் தூக்குனான், அவன் எப்பவும் தூக்குவானே, அப்படி. அதுக்கப்புறம் எனக்கு வண்டி ஓட்டக் கை வரல."

நான் சிரிக்கவில்லை. அவனும் டீயைக் குடிக்காமலே போய்விட்டான். அன்றிலிருந்து ஊரில் அதே பேச்சு. வெள்ளிக்கிழமைகளில்தான் தெரிகிறதாம். வெள்ளிக்கிழமை கிழவி வீட்டில் இருப்பதில்லை. வியாழன் சாயங்காலம் யன்குல் ஊரில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்குப் போய்ச் சனிக்கிழமைதான் திரும்புவாள்.

வெள்ளிக்கிழமை விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு என் வண்டியை எடுத்துக்கொண்டு கிழவி வீடு இருக்கும் தனம் ஊரின் கடைசித் தோட்டத்துக்குப் பின்னால் நின்றேன். வெளிச்சம் நன்றாக வந்த பிறகு கல்ஃபானின் பிக்கப் கொட்டகையிலிருந்து வெளியே வந்தது. சிவப்புக் கரை தலைத்துணி, மூக்குவரை சுற்றி. ஆடு மேய்க்கிற ஒருத்தன் எதிரே வந்தான். ஓட்டுகிறவன் கையை நீட்டி இரண்டு விரலைத் தூக்கினான். ஆட்டுக்காரன் குச்சியைப் போட்டுவிட்டு ஓடினான்.

எனக்கும் ஓடத்தான் தோன்றியது. பேய் அண்டாமல் இருக்க ஆயத்துல் குர்ஸியை ஓதிக்கொண்டே, முன்னால் எழும் தூசிக்கு வெகுதூரம் பின்னால், டயர் தடத்தை வைத்தே போனேன். மணல் முடிந்து சரளை, சரளை முடிந்து வெறும் தட்டைத் தரை. அப்புறம் வெள்ளை.

முதலில் சத்தம்தான் கேட்டது. இஞ்சின் ஒரே சீராக ஓடுகிற சத்தம். பிறகு வண்டி தெரிந்தது. உப்பின் விளிம்பில் நிற்கிறது, ஓட்டுகிற பக்கக் கதவு திறந்து கிடக்கிறது, உள்ளே ஆளில்லை. யாருமில்லாத வண்டி தானாக உறுமிக்கொண்டிருக்கிறது. கதவிலிருந்து உப்புக்குள் காலடி போகிறது. குனிந்து பார்த்தேன். கல்ஃபானின் பழைய செருப்பின் தடம். அந்தச் செருப்புக்கு அடிப்பாகம் பழைய டயரில் நான் வெட்டிக் கொடுத்தது. அந்த டயர்க் கோடுகள் அப்படியே வெள்ளையில் பதிந்திருந்தன.

யா ரப்பு, என் உயிர் அங்கேயே போயிருக்க வேண்டும்.

காற்று லேசாகக் கிளம்பியிருந்தது. வெள்ளைப் புகைக்குள்ளிருந்து ஓர் உருவம் சத்தத்தைப் பார்த்து நடந்து வந்தது. கையில் நீளமான பேரீச்சை மட்டை. ஒவ்வோர் அடிக்கும் முன்னால் மட்டையால் தட்டித் தட்டிப் பார்த்தது. என்னைக் கண்டதும் நின்றது. நானும் நின்றேன். யார் முதலில் அலறினோம் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

"ஸுலைம் அண்ணே! நீங்களா? உசுரே போயிருச்சு!" தலைத்துணியை இழுத்துவிட்டது. உள்ளே இரட்டைப் பின்னல். ரய்யா.

எனக்குக் கோபம் வந்தது பாருங்கள், பயம் வந்த அளவுக்கு வந்தது. "புத்தி இருக்கா உனக்கு? ஊரே பேய்னு அலறுது! ஒத்தையா வந்து உப்புல நடக்கிற, எங்கயாவது காலு உள்ள போச்சுன்னா யாரு இழுப்பா?"

"யாரும் இல்லதான். அதான் வண்டிய அணைக்கிறதே இல்ல" என்றாள்.

வண்டியின் நிழலில் உட்கார்ந்தோம். தண்ணீர் கொடுத்தாள். அவள் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசுகிறவள் இல்லை, அன்றைக்கு மொத்தமாகப் பேசினாள். தலைத்துணி கட்டுவது பொம்பளை தனியாகப் போகிறாள் என்று யாரும் பின்னால் வராமல் இருக்க. இரண்டு விரல் தூக்குவது, அவர் அப்படித்தான் செய்வார் என்பதால் கை தானாகச் செய்கிறதாம். உள்ளே பேரீச்சை மட்டைகளை நட்டு, கட்டம் கட்டமாகத் தேடிக்கொண்டு போகிறாள். தூரத்தில் அவை வெள்ளைக்குள் நட்ட கை மாதிரி நின்றன.

"என்னம்மா கிடைக்கும்னு நினைக்கிற?"

"அவரு சட்டைக் கழுத்துக் குஞ்சம் கிடைச்சாலும் போதும் அண்ணே. அத அடக்கம் பண்ணி ஒரு கபுரு கட்டிரலாம். இந்த மாசம் தீர்ப்பு வந்துரும். அப்புறம் இத்தான்னு என்னை உள்ள உக்கார வச்சிருவாங்க, முடிஞ்சதும் அண்ணனுங்க கூட்டிக்கிட்டுப் போயிருவாங்க. நான் போறேன், மாட்டேன்னு சொல்லல. ஆனா அவர இப்படியே போட்டுட்டு எப்படிப் போறது?"

இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அண்ணே, ஒன்னு கேப்பேன். நான் இதுவரைக்கும் இந்த வண்டிக்குப் பெட்ரோல் போட்டதே இல்ல. வெள்ளிக்கிழமை தோறும் காலி ஆக்கிட்டுத்தான் வந்து நிறுத்துறேன். அடுத்த வெள்ளி பார்த்தா ஃபுல்லா இருக்கு. தண்ணிக் கேனும் ரொம்பி இருக்கு. மொத நாளு ரொம்பப் பயந்தேன். இப்பப் பயமில்ல. அவருதான் ஊத்தி வைக்கிறாருன்னு நினைச்சுக்குவேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

சனிக்கிழமை கிழவியின் வீட்டு வாசலில் போய் நின்றேன். தோட்டத்தில் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் பொதுவாக உளறினேன். வண்டிச் சாவியைப் பத்திரமாக ஒளித்து வை, காலம் கெட்டுக் கிடக்கிறது, கண்டவர்கள் எடுத்துப் போகிறார்கள் என்றேன்.

"கண்டவங்க இல்ல. என் மருமவ" என்றாள்.

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"என்னடா முழிக்கிற? நான் எந்தக் கூட்டத்துல பொறந்தவ? கொட்டகை வாசல்ல காலடி கிடக்குது. செருப்பு அவனோடது, நடை அவளோடது. வலது கால் பெருவிரல அழுத்தி வைக்கிறவ என் வீட்டுல அவ ஒருத்திதான். அவ பின்னாடியே உன் வண்டித் தடமும் போயிருக்கு, நீயும் பார்த்திருப்பியே, தெரியலயா?"

பயத்தில் செருப்பை மட்டும் பார்த்தேன், நடையைப் பார்க்கவில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

"ரெண்டாவது சாவிய ஆணியில தொங்க விட்டதே நான்தான். அவ கண்ணு படுற எடத்துல."

"அப்போ பெட்ரோலு?"

"பின்ன, வண்டி மூத்திரத்துலயா ஓடும்?"

"ஏம்மா, தடுக்கக் கூடாதா? அது உப்பும்மா! அவளையும் முழுங்கிட்டா?"

தழையைக் கீழே போட்டாள். அவள் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "என்னால போக முடியலடா. போனா அவன் அங்க இருக்கான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. அவ போறா. நாலு வருஷமா இந்த வீட்டுல அவனுக்காக ஒருத்தி காத்துக்கிட்டிருக்கேன், இப்ப சில மாசமா ஒருத்தி தேடிக்கிட்டிருக்கா. அவள எப்படித் தடுப்பேன்? அவ உள்ள நிக்கிற நேரத்துல வண்டி நின்னுறக் கூடாது, எனக்கு அது ஒன்னுதான். அதுக்குத்தான் காயி பழுக்குறதுக்கு முன்னாடியே உன் குழிக்கு வந்தேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"தேன் மாதிரி இருக்காம், தேன்!" என்றாள், பழைய குரல் திரும்பியிருந்தது. "பொய்கூட ஒழுங்கா சொல்ல வரல. போ, போய்ப் பொழப்பப் பாரு. பெட்ரோல் விஷயத்த அவகிட்டச் சொல்லாத. அவன்தான் ஊத்துறான்னே இருந்துட்டுப் போகட்டும்."

தீர்ப்பு வந்தது. கிழவி காழி முன்னால் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை என்று ஊரே ஆச்சரியப்பட்டது. அதற்கு முந்தைய வெள்ளி வரை ரய்யா போய்க்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும். ஒன்றும் கிடைக்கவில்லை. வெறுங்கையோடு இத்தாவில் உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமைகளில் வண்டியைப் பார்த்ததாகப் பேசுவதும் நின்றது. எல்லாம் அடங்கியது என்று நான் நிம்மதியாக இருந்தேன். ஒரு வேலையும் இல்லாத நேரத்தில் மட்டும், உப்புக்குள் நட்ட மட்டைகள் இன்னும் நின்றுகொண்டிருக்குமே என்ற நினைப்பு வரும்.

பேரீச்சை வெட்டு முடிந்த கையோடு பிக்கப் வந்து குழிமேல் நின்றது. எப்போதும் வருகிற காலம்தானே என்று இறங்கி நட்டைத் திருகினேன்.

தார் மாதிரி கறுப்பு. மெதுவாக, கனமாக, விழ மனமில்லாமல் விழுந்தது. விளக்கை மேலே அடித்தேன். ஆக்ஸிலில் உப்புச் சேறு, சில இடத்தில் இன்னும் ஈரம். ரய்யா வீட்டுக்குள் இருக்கிறாள். வாசல் தாண்டவில்லை, என் மனைவி நேற்றுத்தான் பார்த்துவிட்டு வந்தாள். அப்படியென்றால் இந்த வண்டியை யார் எடுத்துப் போகிறார்கள்? கல்ஃபானின் பெயர் தொண்டைவரை வந்துவிட்டது.

குழிப்படியில் ஏறினேன். கிழவி டயர்மேல் உட்கார்ந்து கஹ்வா ஊற்றிக்கொண்டிருந்தாள். என் கண் அவள் பாவாடை விளிம்புக்குப் போனது. சுற்றிலும் ஒரு வெள்ளைக் கோடு காய்ந்து நின்றது. குதிகால் வெடிப்பு எல்லாம் வெள்ளை.

"ஆயிலு எப்படிடா இருக்கு?"

"கறுப்பா இருக்கும்மா. தாரு மாதிரி."

"ம்ம்" என்றாள். இந்தத் தடவை உண்மையைச் சொன்னேன் என்று அவளுக்குத் தெரியும்.

"நீயா போற?"

"அவ உள்ள இருக்கால்ல."

"நீ எப்படிம்மா தேடுவ, இந்த வயசுல, அந்த உப்புல?"

"தேடுறதுக்கு எனக்குக் கண்ணு ஏது? நான் உள்ள எறங்கி நடக்கிறதில்ல, ஓரத்துச் சேத்துல நிக்கிறதோட சரி." கோப்பையை வாயருகே கொண்டுபோனவள் குடிக்காமல் கீழே வைத்தாள். "வண்டிய உப்பப் பார்த்து நிறுத்திட்டு, இஞ்சின ஓட விட்டுட்டு உக்காந்திருக்கேன். காலையில போயி சாயங்காலம் அஸர் தொழுகை வரைக்கும். அன்னைக்கு ஒருத்தனும் ஓட விடலல்லடா. நாலு வருஷமா திங்கட்கிழமை தோறும் தோட்டத்துல ஓட விட்டேன். அங்கேருந்து இவ்வளவு தூரம் அவனுக்கு எப்படிக் கேட்டிருக்கும்? எனக்குத்தான் கிட்டப் போக மனசு வரல."

நான் மறுபடி குழியில் இறங்கினேன். எனக்கு அழுகை வந்தது, அதை மறைப்பானேன். கடையில் இருப்பதிலேயே நல்ல ஆயில் டப்பாவை எடுத்தேன். ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் புது ஆயில் தடவி, கையாலேயே முறுக்கி, மறுபடி ஒருமுறை தொட்டுப் பார்த்தேன். நட்டுக்குப் புது வாஷர் போட்டேன். ஊற்றி முடித்து, பானட்டை மூடாமல் அவளைப் பார்த்தேன். சாவி திருப்ப எழுந்து வருவாள் என்று நினைத்தேன்.

முக்காட்டுக்குள்ளிருந்து சாவியை எடுத்து என் பக்கம் எறிந்தாள்.

"நீ ஸ்டார்ட் பண்ணு. நான் போயி நிக்கிறேன்."

"எங்கம்மா?"

அவள் தெருவில் இறங்கிவிட்டாள். நான் கல்ஃபானின் சீட்டில் முதல்முறையாக உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். இருமாமல் பிடித்தது. வரிசையில் நின்றவன் எவனோ ஹாரன் அடித்தான், என் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி அவனை அடக்கினேன். அவள் தொழிற்பேட்டைத் தெருவில் நடந்துகொண்டே போனாள், டயர்க் கடை, வெல்டிங் கடை எல்லாம் தாண்டி. தெருக்கோடிக்குப் போய்த் திரும்பி நின்று, முகமூடியைத் தூக்கிவிட்டு, சத்தம் கேட்கிறது என்று கை காட்டினாள்.